எல்லா மின்மினியும் ஒன்றுதானா?

கேள்வி, மே 28

"மின்மினியில் இரண்டாயிரம் இனம் என்கிறார்கள். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது. கையில் பிடித்துப் பார்த்தேன். பழுப்பு உடம்பு, மஞ்சள் கழுத்து, வயிற்று முனையில் வெளிச்சம். அடுத்த நாள் பிடித்ததும் அப்படியேதான். நிறம் ஒரு சாயல் மாறினால் புதுப் பெயர் வைத்துவிடுகிறார்களா? இந்த வகைப்பாடெல்லாம் உண்மையில் எதை வைத்து?"

மே 28, இரவு

கையில் பிடித்துப் பார்ப்பதில்தான் சிக்கலே. பறக்க விட்டுப் பாருங்கள்.

மின்மினி ஈ இல்லை, வண்டு. லாம்பிரிடே என்ற குடும்பம். பெயர் வைக்கப்பட்ட இனங்கள் இரண்டாயிரத்துக்கு மேல் என்பது சரிதான். ஆனால் நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஊசி குத்திப் பெட்டியில் வைத்த மின்மினிகளைப் பார்த்து இனம் பிரிப்பது வல்லுநர்களுக்கே பெரும்பாடு. அமெரிக்காவில் ஃபோட்டூரிஸ் என்று ஒரு பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதி. ஹெர்பர்ட் பார்பர் என்ற வண்டியல் அறிஞர் அதில் மாட்டிக்கொண்டு வருடக்கணக்கில் தவித்தார். செத்த பூச்சிகளை வரிசையாக வைத்தால் எல்லாம் ஒன்று. இரவில் வெளியே நின்று பார்த்தால் ஒன்று ஒற்றை வெட்டாக மின்னுகிறது, இன்னொன்று நடுங்கி நடுங்கி மின்னுகிறது, மூன்றாவது நீளமாக இழுக்கிறது. கடைசியில் மின்னும் விதத்தை வைத்தே இனம் பிரித்தார். அவர் இறந்த பிறகு 1951இல்தான் அந்தக் கட்டுரை வெளிவந்தது.

மே 28, இன்னும் கொஞ்சம்

பார்பரின் கட்டுரையை அச்சுக்குக் கொண்டுவர உதவியவர் ஃபிராங்க் மெக்டெர்மாட். தொழிலால் வேதியியலாளர், மின்மினி பொழுதுபோக்கு. அந்தப் பொழுதுபோக்கில்தான் 1960களில் உலக மின்மினிகளின் பட்டியலையே தொகுத்தார். இந்தத் துறையில் இப்படிப்பட்ட ஆட்கள் நிறைய. சம்பளத்துக்கு ஒரு வேலை, இருட்டினால் இன்னொன்று.

மே 30

"மின்னும் விதம் என்றால் என்ன, அதை எப்படிப் படிப்பது?" என்று கேட்டவருக்கு.

நன்றாக ஆராயப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். ஃபோட்டினஸ் பைராலிஸ், வட அமெரிக்க இனம். ஆண் அந்திப்பொழுதில் தாழப் பறந்து, கீழே இறங்கி மேலே எழும்போது மின்னும். வெளிச்சம் ஒரு கொக்கி வடிவத்தில் தெரியும். ஏறத்தாழ 6 நொடிக்கு ஒருமுறை. பெண் புல்லில் உட்கார்ந்திருக்கும். பிடித்திருந்தால், ஆண் மின்னிச் சுமார் 2 நொடி கழித்து ஒரு பதில் மின்னல். ஒன்றரை நொடி தள்ளியோ மூன்று நொடி தள்ளியோ வந்தால் ஆண் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. ஆக, வெளிச்சத்தைவிட இடைவெளிதான் முக்கியம். உங்கள் கையில் இருந்த பூச்சி பயத்தில் மினுக்கியிருக்கும். அதில் இந்தக் கணக்கு எதுவும் இருக்காது.

நானே பேனா டார்ச்சை வைத்து முயன்றிருக்கிறேன். கண்ணாடி மேல் பச்சை மிட்டாய்த் தாளைச் சுற்றி, ஆண் மின்னிய பிறகு வாய்க்குள் எண்ணி ஒரு சொடுக்கு. எத்தனையோ இரவு ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் எண்ணும் வேகத்தை மாற்றியதும் ஒன்று திரும்பியது. இன்னொரு சொடுக்கு, இன்னும் கிட்ட வந்தது. கடைசியில் டார்ச்சின் மேலேயே உட்கார்ந்து அங்குமிங்கும் தேடியது. "பாவம், அதை ஏமாற்றாதீர்கள்" என்று மனைவி டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டாள்.

மே 31

ஒன்றைச் சேர்க்க வேண்டும். இடைவெளியை எண்ணும்போது அன்றைய வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்தால் மின்னல் மெதுவாகும், இடைவெளி நீளும். வெப்பத்தை எழுதாத எண்ணிக்கையால் பயனில்லை.

ஜூன் 2

ஏமாற்றுவது பற்றி மனைவி சொன்னது மனதில் நிற்கிறது. நான் செய்ததை மின்மினிகளே செய்கின்றன, அதுவும் கொலைக்காக.

பார்பரைப் படுத்திய அதே ஃபோட்டூரிஸ்தான். அதன் பெண், வேறு இனத்துப் பெண்ணின் பதிலைப் போலவே மின்னும். ஃபோட்டினஸ் ஆண் நம்பி இறங்கும். பெண் பிடித்துத் தின்றுவிடும். ஜேம்ஸ் லாயிட் என்ற மின்மினி ஆய்வாளர் 1965இல் இதை எழுதினார். ஒரே பெண், வந்த ஆணுக்கு ஏற்பப் பதிலை மாற்றிக்கொள்வதும் பின்னர் தெரிந்தது. இதில் வகைப்பாட்டுக்காரர்களுக்கு ஒரு தலைவலி ஒளிந்திருக்கிறது. மின்னலை வைத்து இனம் பிரி என்கிறோம், அந்த மின்னலே பொய் சொல்கிறது. ஆண்களிலும் சில ஃபோட்டூரிஸ், வேறு இனத்து ஆண்களின் வடிவத்தில் மின்னித் திரியும்.

பசி மட்டும் காரணமில்லை. ஃபோட்டினஸ் உடம்பில் லூசிபூஃபாஜின் என்ற நச்சு உண்டு, தேரை நஞ்சுக்கு உறவு. ஃபோட்டூரிஸால் அதைத் தானே போதுமான அளவு செய்துகொள்ள முடியாது. தின்று சேர்த்துக்கொள்கிறது. பிறகு சிலந்தியும் பறவையும் அதைத் தொடுவதில்லை. வீட்டில் பல்லி, ஓணான் வகைகளை வளர்ப்பவர்கள் கவனியுங்கள். செல்லமாக வளர்த்த ஆஸ்திரேலியத் தாடி ஓணான்கள் மின்மினியைத் தின்று செத்த நிகழ்வுகள் ஆய்விதழில் பதிவாகியிருக்கின்றன.

ஜூன் 2, படுக்கப் போகும் முன்

சிலந்தியும் சும்மா இல்லை. சீனாவில் வட்ட வலை பின்னும் ஒரு சிலந்தி பற்றி 2024இல் ஆய்வு வந்தது. அப்ஸ்கோண்டிடா டெர்மினாலிஸ் என்ற மின்மினியில் ஆணுக்கு விளக்கு இரண்டு பட்டை, பெண்ணுக்கு ஒன்று. வலையில் சிக்கிய ஆண், சிலந்தி சுற்றிக் கடித்த பிறகு, ஒரே பட்டையில் பெண்ணைப் போல மின்னத் தொடங்குகிறது. அதைப் பார்த்து அடுத்த ஆண் வருகிறது. வலையில் ஏற்கெனவே விளக்கு எரிகிறது என்பதால் சிலந்திக்கு அவசரமே இல்லை.

ஜூன் 5

"அப்படியானால் மின்னாதது மின்மினி இல்லையா?" நல்ல கேள்வி. மேலே நான் எழுதியதைப் படித்தால் அப்படித்தான் தோன்றும், ஆனால் இல்லை.

இந்தக் குடும்பத்தில் பகலில் பறக்கும், வளர்ந்தபின் ஒளியே இல்லாத இனங்கள் ஏராளம். அவை வாசனையால் துணை தேடுகின்றன. ஐரோப்பாவின் லாம்பிரிஸ் நாக்டிலூகாவில் பெண்ணுக்குச் சிறகே கிடையாது. புல்லில் ஏறி நின்று, விட்டு விட்டு மின்னாமல் நிலையாக ஒளிரும். ஆண் பறந்து தேடி வரும். ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு: இதுவரை அறியப்பட்ட எல்லா மின்மினி இனங்களிலும் புழு ஒளிர்கிறது. புழுவுக்குக் காதல் கிடையாது. மண்ணில் நத்தை, மண்புழு தின்றுகொண்டு ஒன்றிரண்டு வருடம் கிடக்கும். அதற்கு எதற்கு விளக்கு? 'நான் கசப்பு, தொடாதே' என்ற அறிவிப்பு. ஒளி முதலில் புழுவின் எச்சரிக்கையாக வந்து, பிறகுதான் பெரிய பூச்சியின் காதல் மொழியானது என்பது இப்போது பலரும் ஏற்கும் கருத்து. எனக்கு இது பிடித்திருக்கிறது. மிரட்டலாகத் தொடங்கியதை நாம் கவிதையாக்கிவிட்டோம்.

அதேபோல ஒளிர்வதெல்லாம் மின்மினியும் இல்லை. தென் அமெரிக்காவின் பைரோபோரஸ், மல்லாந்தால் சொடுக்கி எழும் வண்டு வகை. நியூசிலாந்தின் வைடோமோ குகைக் கூரையில் நட்சத்திரம் போலத் தெரிபவை ஒரு சிறு ஈ வகையின் புழுக்கள். 2018இல் மின்மினிகளின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, மின்மினியும் சொடுக்கு வண்டும் ஒளிக்கான நொதியைத் தனித்தனியாகப் பெற்றவை என்று தெரியவந்தது.

ஜூன் 6

பெயர் மாறுவதைப் பற்றி ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆசியாவில் விட்டு விட்டு மின்னும் மின்மினி என்றால் ஒரு காலத்தில் பெரும்பாலும் லூசியோலா என்ற பேரினத்தில் தூக்கிப் போட்டார்கள். லெஸ்லி பாலன்டைன் என்ற ஆஸ்திரேலிய அறிஞரும் கூட்டாளிகளும் அதைப் பிரித்துக்கொண்டே வருகிறார்கள். நீரில் புழு வாழும் சிலவற்றுக்கு 2010இல் அக்வாட்டிகா, வேறு சிலவற்றுக்கு 2013இல் அப்ஸ்கோண்டிடா. ஜப்பானின் புகழ்பெற்ற கென்ஜி மின்மினியும் 2022இல் நிப்பொனோலூசியோலா ஆகிவிட்டது. என் பழைய குறிப்பேட்டில் பாதிப் பெயர்கள் அடித்துத் திருத்தியவை. பென்சிலில் எழுதுங்கள்.

ஜூன் 9

ஒருசேர மின்னுவது பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

தாய்லாந்திலும் மலேசியாவிலும் சதுப்புநில ஆற்றோரம் ஒரு மரம் முழுக்க உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் மின்னுபவை ப்டெராப்டிக்ஸ் பேரினம். சிலாங்கூரின் கம்போங் குவாந்தானுக்குப் படகில் போய்ப் பார்ப்பது இதைத்தான். 17ஆம் நூற்றாண்டிலேயே எங்கெல்பெர்ட் கெம்ப்ஃபர் என்ற ஜெர்மானியப் பயணி சயாமில் (இன்றைய தாய்லாந்து) இதைப் பார்த்து எழுதிவைத்தார். ஆனால் பார்க்காதவர்கள் நம்பவில்லை. 1917இல் ஒருவர் 'சயன்ஸ்' இதழுக்கே கடிதம் போட்டார்: பூச்சிகள் ஒருசேர மின்னவில்லை, என் இமைகள்தான் துடித்தன என்று! நாற்காலியில் உட்கார்ந்து அறிவியல் செய்தால் இப்படித்தான்.

1960களில் ஜான் பக், எலிசபெத் பக் என்ற ஆய்வாளர் தம்பதி தாய்லாந்து போனார்கள். பூச்சிகளைப் பிடித்து வந்து விடுதி அறையை இருட்டாக்கிப் பறக்க விட்டார்கள். முதலில் தாறுமாறு. பிறகு சுவரில் பக்கத்தில் உட்கார்ந்தவை இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக ஒத்துப்போயின. யாரும் தாளம் போட்டு நடத்தவில்லை. ஒவ்வொன்றும் அடுத்ததைப் பார்த்துத் தன் கடிகாரத்தைச் சற்றே நகர்த்திக்கொள்கிறது. இதை 1990இல் மிரோலோ, ஸ்ட்ரோகாட்ஸ் என்ற கணிதவியலாளர்கள் இருவரும் கணிதமாக எழுதினார்கள்.

வட அமெரிக்காவில் இது கிடையாது என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டென்னசியின் எல்க்மான்ட்டில் சிறு வயதிலிருந்தே இதைப் பார்த்து வளர்ந்த லின் ஃபாஸ்ட், 1990களில் அறிஞர்களுக்குக் கடிதம் எழுதி, வந்து பாருங்கள் என்றார். வந்தார்கள், வாயை மூடிக்கொண்டார்கள். ஃபோட்டினஸ் கரோலினஸ்: சில மின்னல்கள், பிறகு சில நொடி கும்மிருட்டு, மறுபடி. இப்போது அங்கே போகக் குலுக்கல் முறையில் அனுமதி.

எதற்காக ஒருசேர? மொய்சிஃப், கோப்லேண்ட் இருவரும் 2010இல் சிறு விளக்குகளை வைத்துப் பெண் மின்மினிகளைச் சோதித்தார்கள். விளக்குகள் ஒருசேர மின்னினால் பத்தில் எட்டுக்கு மேல் பதில். கலைந்து மின்னினால் பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லோரும் சேர்ந்து பேசி, சேர்ந்து வாயை மூடினால்தான் அவளுடைய பதில் தெரியும்.

ஜூன் 9, விடுபட்டது

ஆனைமலையை மறந்துவிட்டாயா என்று ஒரே சத்தம். மறக்கவில்லை. ஆனைமலை புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகத்தில் கூட்டங்கூட்டமாக ஒருசேர மின்னியதை 2022இல் வனத்துறையோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். இனம் அப்ஸ்கோண்டிடா சைனென்சிஸ் என்று சொன்னார்கள். இது ப்டெராப்டிக்ஸ் மாதிரி ஒரே மரத்தில் உட்கார்ந்துவிடாது. காடு முழுக்க அலை போலப் போகும்.

ஜூன் 11

மின்மினியின் ஒளி 100 சதவீதத் திறன், கொஞ்சமும் வீணில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாடநூல்களில் வெகுகாலம் 88 சதவீதம் என்று இருந்தது, அதுவே வளர்ந்து 100 ஆகிவிட்டது. 2008இல் ஜப்பானில் திருந்திய கருவிகளால் அளந்தபோது கிடைத்தது ஏறத்தாழ 41. ஒளிக்கு எரிபொருளான லூசிஃபெரினில் நூறு மூலக்கூறு எரிந்தால் 41 ஒளித்துகள். அதுவும் பெரிய விஷயம்தான்.

இந்த வேதியியல் வளர்ந்த கதையில் சிறுவர்களுக்கும் பங்கு உண்டு. வில்லியம் மெக்எல்ராய் என்ற உயிர்வேதியியலாளர் 1940களில் பால்டிமோர் சிறுவர்களுக்கு 100 பூச்சிக்கு 25 சென்ட் கொடுத்து வாங்கினார். அப்படிச் சேர்ந்த வால்களில்தான் ஒளிக்கு ஏடிபி (உயிரணுக்களின் ஆற்றல் மூலக்கூறு) தேவை என்று கண்டுபிடித்தார். இன்று ஒரு பரப்பு சுத்தமா என்று நொடியில் சொல்லும் சோதனைக் கருவிகளில் அதே வேதிவினைதான் ஓடுகிறது. நொதியை இப்போது ஆய்வகத்திலேயே தயாரிக்கிறார்கள், பூச்சி தேவையில்லை.

ஜூன் 14

தலைப்பு மெல்ல நகர்ந்து தூக்கணாங்குருவிக்கு வந்துவிட்டது. அது மின்மினியைக் களிமண்ணில் ஒட்டித் தன் கூட்டுக்கு விளக்கேற்றும் என்று நம்மில் கேட்காதவர் கிடையாது. களிமண் உண்மை. ஆண் குருவி ஈரமண்ணைக் கொண்டுவந்து கூட்டின் உள்ளே பூசும். காற்றில் கூடு ஆடாமல் இருக்க எடை என்பது ஒரு விளக்கம். மண்ணைப் பார்த்தவர்கள் காரணம் தேடினார்கள், பக்கத்தில் மின்மினி பறந்துகொண்டிருந்தது. விழுந்து கிடந்த கூடுகளை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். மண் இருந்தது, பூச்சி இல்லை. இரவில் தூங்கும் பறவைக்கு விளக்கு எதற்கு என்று என் மகள் கேட்டதற்குப் பிறகு எனக்கு அந்தக் கதையில் இருந்த கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

சீனக் கதை வேறு மாதிரி. ஜின் அரசமரபுக் காலத்துச் சே யின், விளக்குக்கு எண்ணெய் வாங்க வழியில்லாமல் மெல்லிய துணிப்பையில் மின்மினிகளைப் போட்டு அந்த வெளிச்சத்தில் படித்து அதிகாரியானார் என்பார்கள். கண்ணாடிக் குப்பியில் நான் முயன்றேன். குப்பியைத் தாளின் மேலேயே வைத்து நகர்த்தினால் எழுத்தெழுத்தாகத் தெரிகிறது. அடுத்த எழுத்துக்குப் போவதற்குள் அணைந்துவிடுகிறது. தேர்வுக்குப் படிக்க ஆகாது. அதே சீனாவில் மின்மினி அழுகிய புல்லிலிருந்து பிறக்கிறது என்றும் எழுதிவைத்தார்கள். சிரிக்காதீர்கள். முட்டையும் புழுவும் கிடப்பது ஈரமான மட்கிய இலைதழையில்தான். இடத்தைச் சரியாகப் பார்த்துக் காரணத்தை மட்டும் தவறவிட்டார்கள்.

மத்திய அமெரிக்காவின் மாயர்களின் கதைதான் எல்லாவற்றிலும் குறும்பு. பாதாள அரசர்கள் கதையின் நாயகர்களான இரட்டையர்களிடம் சுருட்டைக் கொடுத்து, இரவெல்லாம் எரிய வேண்டும், ஆனால் விடியும்போது முழுசாகத் திருப்பித் தர வேண்டும் என்பார்கள். இரட்டையர்கள் சுருட்டின் நுனியில் மின்மினியை வைத்துவிடுவார்கள்.

ஜூன் 15

நம்முடையதைச் சொல்லாமல் விட்டால் எப்படி? அகநானூறு 72. மழை கொட்டும் நள்ளிரவு. சிதைந்த வாயுடைய புற்றில் மின்மினி மொய்த்திருக்கிறது. ஆண் கரடி பெரிய கையால் அதைப் பெயர்த்துக் கறையான் கூட்டைத் தோண்டும்போது, மின்மினிகள் பொறி போலச் சிதறுகின்றன. பார்ப்பதற்குக் கரடி, இரும்படிக்கும் கொல்லனைப் போல இருக்கிறது.

கறுத்த உடம்பு, ஓங்கும் கை, தெறிக்கும் பொறி. அதுவும் மழையில் அணையாத பொறி. இதைவிட நல்ல மின்மினிக் காட்சியை நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஜூன் 17

"புற்றில் ஏது மின்மினி, புலவர் கற்பனை" என்கிறார் ஒருவர். அவ்வளவு சீக்கிரம் தள்ளாதீர்கள். பிரேசிலின் எமாஸ் தேசியப் பூங்காவில் மழைக்காலத் தொடக்கத்தில் கறையான் புற்றுகள் இரவில் பச்சையாக ஒளிரும். புற்றின் சுவரில் துளையிட்டுக் குடியிருக்கும் சொடுக்கு வண்டுப் புழுக்கள், பறந்து வரும் ஈசல்களை வெளிச்சத்தால் இழுத்துத் தின்கின்றன. அது மின்மினி இல்லை, கண்டமே வேறு. அதை வைத்து அகநானூற்றை நிரூபிக்கப் போவதில்லை.

ஆனால் மழை, ஈரமண், கறையான், மின்மினி நான்கும் ஒரே பருவத்தில் கூடுவது இயல்பு. கரடி புற்றைத் தோண்டுவதும் உண்மை. காட்டில் இரவில் நின்று பார்க்காதவர் எழுதக்கூடிய வரி இல்லை இது.

ஜூன் 20

ஜப்பானைப் பற்றிக் கேட்டவருக்கு. கென்ஜி, ஹெய்க்கே என்ற இரண்டு இனங்களுக்கும் 12ஆம் நூற்றாண்டில் மோதிக்கொண்ட இரண்டு குலங்களின் பெயர். 1180இல் உஜியில் தோற்று இறந்த மினாமோதோ யோரிமசாவின் ஆவியும் வீரர்களின் ஆவிகளும்தான் அங்கே மின்மினிகளாகப் போரிடுகின்றன என்றொரு நம்பிக்கை.

வகைப்பாட்டுக் கேள்விக்கு இதில் நேரடியாக ஒரு சரக்கு இருக்கிறது. கென்ஜி மின்மினி கிழக்கு ஜப்பானில் சுமார் 4 நொடிக்கு ஒருமுறை மின்னும், மேற்கில் 2 நொடிக்கு. இனம் ஒன்றுதான், தாளம் இரண்டு. இது தெரியாமல், குறைந்துபோன இடங்களில் மின்மினியைத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்று வெளியூர்ப் பூச்சிகளை வாங்கி விட்டார்கள். நகானோ மாவட்டத்துத் தட்சுனோவில் விழாவுக்குக் கூட்டம் குவியும். அங்கே மேற்கிலிருந்து கொண்டுவந்து விட்டவை பெருகி, உள்ளூர்க் கூட்டத்தைப் பாதித்ததாக ஆய்வு வந்தது. எண்ணிக்கை கூடியது, எவருடைய எண்ணிக்கை என்பதுதான் கேள்வி.

ஜூன் 21

ஆகவே, "எங்கிருந்தாவது புழுக்களை வரவழைத்துத் தோட்டத்தில் விடலாமா?" என்பவருக்கு: வேண்டாம். காய்ந்த இலையைப் பெருக்கி எரிக்காதீர்கள், நத்தைக்கு மருந்து தெளிக்காதீர்கள், வாசல் விளக்கை மின்மினி மின்னும் அந்த ஒரு மணி நேரமாவது அணையுங்கள். வல்லுநர்களிடம் கருத்துக் கேட்டு 2020இல் வெளிவந்த ஆய்வில் வாழிடம் அழிவதும் இரவு விளக்குகளும் பூச்சிக்கொல்லியும்தான் முன்வரிசையில் நிற்கின்றன. அக்கம்பக்கத்தில் மிச்சம் இருந்தால் தானாக வரும். இல்லையென்றால் விட்டாலும் தங்காது.

ஜூன் 22

படம் அனுப்பி இனம் கேட்பவர்களுக்குக் கடைசியாக. காடெல்லாம் தங்கப் புள்ளியாகத் தெரியும் அந்தப் படங்கள், பல நிமிடக் காட்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. நேரில் அப்படி இருக்காது. அதில் இடைவெளியும் தெரியாது. அசையாமல் வைத்து எடுத்த ஒரு நிமிடக் காணொளி, அன்றைய வெப்பநிலை, மணி, பறந்தா உட்கார்ந்தா என்ற விவரம் இருந்தால் அனுப்புங்கள். டார்ச் அடித்து எடுத்ததை அனுப்ப வேண்டாம்.